ஆறாம் நம்பர் பாத்திரமும் ஓர் இடைத்தேர்தலும்

"நவம்பர் 5, வியாழன், மாலை 6.10. மெஸ் கமிட்டிக் கூட்டக் குறிப்பு, ரிவிஷன் 0. தீர்மானம் 1: சைவப் பாத்திரத்தில் மீன் குழம்பு வைக்க இடம் கொடுத்ததற்காக, சமையலறைப் பொறுப்பாளர் திரு. இசக்கிமுத்து கமிட்டியிலிருந்து நீக்கப்படுகிறார். ஆதரவு நான்கு. எதிர்ப்பு இல்லை. தீர்மானம் 2: வெள்ளிக்கிழமை பிரியாணியுடன் தயிர்ப் பச்சடி கட்டாயம்."

இந்த ஒற்றைத் தாளின் மூலப்பிரதி என் கோப்பில் இருக்கிறது. அதன் மேல் குறுக்காக ஒரு சிவப்பு முத்திரை. அந்த முத்திரை எப்படி விழுந்தது என்பதைத்தான் எழுதப் போகிறேன். வருடத்தை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். சம்பந்தப்பட்டவர்களில் சிலர் இன்னும் அதே கம்பெனியில் வேலை பார்க்கிறார்கள்.

சென்ற மாதம் அபுதாபி அலுவலகத்தில் எனக்குப் பிரிவுபசாரம் நடந்தது. கேக் வெட்டியதும், இப்போது அந்தப் பிரிவை நடத்தும் பெண் கேட்டாள். "சார், பழைய டிராயிங்கை எல்லாம் நீங்க கையால திரும்ப வாங்குவீங்களாமே? நிஜமாவா? இப்போ புது ரிவிஷன் ஏத்தினா பழசு தானா மறைஞ்சிடுதே!" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தானாக மறையாத ஒரு தாளால் என்ன ஆகும் என்று அவர்களுக்கு அன்று சொல்ல நேரமில்லை. கேக் உருகிக்கொண்டிருந்தது.

என் வேலைக்கு டாக்குமெண்ட் கண்ட்ரோலர் என்று பெயர். ஒரு சுத்திகரிப்பு ஆலை கட்டும்போது வரைபடங்கள் ஆயிரக்கணக்கில் புழங்கும். ஒவ்வொன்றும் பலமுறை திருத்தப்படும். முதல் வடிவம் ரிவிஷன் 0, அடுத்தது 1, பிறகு 2. புதியது வந்தவுடன் சைட்டில் இருக்கும் பழைய பிரதிகளைத் தேடிப் பிடித்துத் திரும்ப வாங்கி, 'காலாவதி' என்று பொருள்படும் சிவப்பு முத்திரையைக் குத்தி, கணக்கில் அடைக்க வேண்டும். ஒரே ஒரு பழைய பிரதி ஃபோர்மேனின் ஜீப்பில் தங்கிவிட்டாலும் போதும், குழாயைத் தவறான உயரத்தில் வெல்டிங் செய்துவிடுவார்கள். திருச்சியில் பட்டப்படிப்பு, சென்னையில் இரண்டு வருட டைப்பிஸ்ட் வேலை, பிறகு வளைகுடாவுக்கு வந்து ரூவி என்ற ஊரில் ஒரு கன்ஸல்டன்ட் அலுவலகத்தில் ஆறு வருடம். என் பயிற்சிக் காலம் அவ்வளவுதான். வேலையை உண்மையில் கற்றது அடுத்து வந்த யான்பு ஆலைக் கட்டுமானத்தில், கனகசபை ஐயாவிடம்.

கனகசபை ஐயா யாழ்ப்பாணத்துக்காரர், எங்கள் பிரிவின் தலைவர். வெயில் எவ்வளவு அடித்தாலும் முழுக்கைச் சட்டையின் பொத்தானைக் கழற்றமாட்டார். பேனா தொடமாட்டார், பென்சில்தான். எந்தத் தாளையும் நின்றுகொண்டே படிப்பார். உட்கார்ந்தால் கண் சோம்பிவிடுமாம். யார் எதைச் சொன்னாலும் அவரிடமிருந்து வருவது ஒரே கேள்வி: "எங்கை எழுதிக் கிடக்கு?" பிரிட்டிஷ் பிராஜெக்ட் மேனேஜரிடமும் இதைத்தான் ஆங்கிலத்தில் கேட்பார். எழுத்தில் இல்லாத அளவு ஒன்று வரைபடத்தில் வந்துவிட்டால், அதைச் சுற்றிப் பென்சிலால் ஒரு மேகம் வரைந்து உள்ளே 'ஹோல்ட்' என்று எழுதுவார். எங்கள் தொழிலில் அந்த மேகத்துக்கு ஒரே அர்த்தம்தான்: இது இன்னும் சரிபார்க்கப்படவில்லை, இதை நம்பி எதையும் கட்டாதே.

நாங்கள் தங்கியிருந்த யான்பு கேம்ப்பில் தமிழ் மெஸ் ஒன்று இருந்தது. எண்பத்து நான்கு உறுப்பினர்கள். முப்பத்தொரு பேர் சைவம், ஐம்பத்து மூன்று பேர் அசைவம். சாப்பாட்டு அறையில் இரண்டு கவுண்டர்கள். சைவத்துக்குப் பச்சைப் பலகை, அசைவத்துக்குச் சிவப்புப் பலகை. வெள்ளிக்கிழமை பிரியாணிக்கு மட்டும் முத்திரை குத்திய டோக்கன் உண்டு. வெஜிடபிள் பிரியாணி வேண்டுவோர் பச்சைத் தகரப் பெட்டியில் போட வேண்டும், மற்றவர்கள் சிவப்புப் பெட்டியில். பெரிய பாத்திரங்களுக்கும் பிரிவினை இருந்தது. கைப்பிடியில் அடித்த பெயிண்ட் அடுப்பில் எரிந்துபோனதால், அடி ஓரத்தில் எண்களைப் பொறித்து, எந்த எண் சைவம், எது அசைவம் என்று பட்டியல் போட்டுவிட்டோம். 'போட்டுவிட்டோம்' என்றால் நான்தான் டைப் அடித்தேன். ரிவிஷன் எண்ணோடு, கையொப்பக் கட்டத்தோடு. நம் தொழில் நம்மை விடுமா?

நவம்பர் 4, புதன், மதியம். சிவப்புக் கவுண்டரில் மீன் குழம்பு ஆவி பறக்க இருந்த பாத்திரத்தின் அடி ஓரத்தில் 6 என்ற எண்ணைச் சண்முகம் பார்த்துவிட்டார். கோயம்புத்தூர்க்காரர், தர ஆய்வாளர். எதையும் குனிந்து பார்ப்பது அவர் தொழில். சாப்பாட்டு அறை நோட்டீஸ் போர்டில் இருந்த பட்டியலில் ஆறாம் எண் சைவம்.

"ஏனுங்க, இதென்ன அநியாயம்! ஆறாம் நம்பர் எங்க பாத்திரமுங்க! எத்தனை நாளா இப்படி நடக்குதுங்க?"

சமையலறைப் பொறுப்பாளர் இசக்கிமுத்து அண்ணாச்சி ஓடி வந்தார். அம்பாசமுத்திரம் பக்கத்துக்காரர், ஸ்டோர் கீப்பர். "என்னவே சொல்லுதீரு? ஆறாம் நம்பரு எப்பவும் மீனுக்குத்தான்வே. லிஸ்டுபடிதான் நடக்கு."

"லிஸ்ட்டை நீங்களே வந்து பாருங்க."

அவர் வந்து போர்டைப் பார்த்தார். ரிவிஷன் 1. ஆறாம் எண்ணுக்கு எதிரே தெளிவாகச் 'சைவம்' என்று இருந்தது. அவர் முகம் சுருங்கியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மறுநாள் மாலை கமிட்டி கூடி அவரை நீக்கியது. ஐந்து பேர் கமிட்டியில் மற்ற நால்வரும் ஒரே பக்கம். சில வாரங்களாகச் சாம்பார் பாதிப் பந்தியிலேயே தீர்ந்துபோகிறது என்ற இன்னொரு கோபமும் அந்த நால்வருக்கும் இருந்தது.

இது ஒரு மெஸ் சண்டைதானே என்று தோன்றலாம். இசக்கிமுத்துவுக்கு அப்படி இல்லை. நவம்பர் 29 அவருக்கு ஃபைனல் எக்ஸிட். பதினேழு வருட வளைகுடா வாழ்க்கையை முடித்துக்கொண்டு ஊருக்குப் போகிறார். அம்பாசமுத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கடை பிடித்து, முன்பணமும் கொடுத்தாகிவிட்டது. சைவ ஓட்டல் வைக்கப் போகிறார்.

"ஆளு மீன் திம்பான், ஓட்டலு சைவமான்னு ஊர்ல ஏற்கெனவே கேலி பண்ணுதான் சார்," என்றார் என்னிடம். "இந்தக் கேம்ப்ல எங்கூர்ப் பக்கத்து ஆளு மட்டும் பதினோரு பேரு. ஒவ்வொருத்தனும் லீவுல போவான். 'சைவப் பாத்திரத்துல மீனப் போட்டவன் கடையா?'ன்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும். எவன் உள்ள வருவான்?"

நான் ஆறுதல் சொன்னேன். அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது.

காலி இடத்துக்கு ஆள் வேண்டும். வாக்கெடுப்பை நடத்தித் தருமாறு கமிட்டி கனகசபை ஐயாவைக் கேட்டது. நவம்பர் 8, ஞாயிறு, மாலை. சண்முகம் பெயர் கொடுத்தார். அடுத்து இசக்கிமுத்துவும் பெயர் கொடுத்தார். கமிட்டித் தலைவர் எழுந்துவிட்டார். "நீக்கப்பட்டவரே எப்படி நிக்க முடியும்? அப்புறம் நீக்கினதுக்கு என்ன அர்த்தம்?"

ஐயா பென்சிலை மேசையில் வைத்தார். "நீக்கப்பட்டவர் நிக்கக் கூடாது எண்டு எங்கை எழுதிக் கிடக்கு?"

தலைவர் மெஸ் விதிகளைப் புரட்டினார். எங்கேயும் இல்லை.

"எங்கட அப்பா பள்ளிக்கூட வாத்தியார். வெள்ளைக்காரன்ர காலத்திலை இலங்கையிலை ஒரு இடைத்தேர்தல் நடந்தது. கொழும்புச் சபை தன்ர மெம்பர் ஒருத்தரைத் தானே வெளியாலை தள்ளிப்போட்டுது. அந்த வெற்றிடத்துக்குத்தான் தேர்தல். அப்பா வாக்குச்சாவடியிலை கிளாக்கர். தள்ளுப்பட்ட மனுசனே திரும்ப வந்து நிண்டவர்."

"வெளிய தள்ளற அளவுக்கு அவர் என்ன செஞ்சாராம்?" என்று கேட்டேன்.

"அதை அப்பா சொல்லேல்லை. சபைக்கு ஒரு கதவு, சனத்துக்கு ஒரு கதவு எண்டு மட்டும் சொல்லுவார். ஒரு கதவாலை தள்ளினா மற்றக் கதவைத் தட்டிப் பாக்கலாம்."

"ஜெயிச்சாராங்க?" என்று கேட்டவர் சண்முகம்தான்.

"வெண்டவர்," என்றார் ஐயா, ஒரு நொடி கழித்து.

இசக்கிமுத்துவின் பெயர் பட்டியலில் ஏறியது. எனக்கு அந்தப் பழைய தேர்தலில் ஆர்வம் பிறந்துவிட்டது. அடுத்த நான்கு நாள் மதிய இடைவேளைகளில் ஐயாவிடம் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டேன். வாக்குச் சீட்டில் பெயர் கிடையாதாம். வேட்பாளருக்கு ஒரு நிறம், அந்த நிறத்தில் ஒரு பெட்டி. திரை மறைவில் இரண்டு பெட்டிகளும் இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் நிறம் பார்த்துச் சீட்டைப் போட்டுவிட்டு வரலாம். இரண்டு கட்சிக்காரர்களும் தன் வாடிக்கையாளர்கள் என்பதால் ஒரு கடைக்காரர் சீட்டைச் சரிபாதியாகக் கிழித்து ஆளுக்குப் பாதி போட்டுவிட்டாராம். எண்ணும்போது ஐயாவின் அப்பா இரண்டு பாதிகளையும் கூழ் தடவி ஒட்டி, செல்லாதவற்றில் சேர்த்தாராம்.

"நாங்களும் நிறப் பெட்டிதான் வைக்கப் போறம்," என்றார் ஐயா. "பெட்டியிலை பேர் ஒட்டக் கூடாது. வாசல்லை யாருக்கு எந்த நிறம் எண்டு அறிவித்தல் ஒட்டும். அது காணும், போதும்."

பெட்டிக்கு எங்கே போவது? பூட்டுப் போட்ட, ஏற்கெனவே நிறம் அடித்த இரண்டு தகரப் பெட்டிகள் சாப்பாட்டு அறையிலேயே இருந்தன. ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டு எடுத்து வந்தேன். சீட்டுப் போட்டதில் இசக்கிமுத்துவுக்குப் பச்சை, சண்முகத்துக்குச் சிவப்பு.

நவம்பர் 13, வெள்ளி. வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து, மதியம் 1.15க்கு வாக்குப்பதிவு தொடங்கியது. எல்லாரும் வரும் நேரம் சாப்பாட்டு நேரம்தான் என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தோம். கதவருகே நான் பெயரைக் குறித்து, முத்திரை குத்திய சீட்டைக் கொடுத்தேன். தடுப்புக்குப் பின்னால் பெட்டிகள். அன்று கோழி பிரியாணி. உள்ளேயிருந்து வாசனை வந்துகொண்டிருந்தது. யாரும் அறிவிப்பைப் படிக்க நிற்கவில்லை. நாற்பது நிமிடத்தில் எண்பத்து நான்கு பேரும் முடித்தார்கள். ஐயாவும் நானும் நடத்துபவர்கள் என்பதால் வாக்கு இல்லை, எங்கள் சாப்பாடு தனிக் கணக்கு என்பதால் அந்த எண்பத்து நான்கில் சேர்த்தியும் இல்லை.

சாப்பாடு முடிந்ததும் எண்ணினோம். ஐயா எழுந்து நின்று படித்தார். "பச்சைப் பெட்டி, திரு. இசக்கிமுத்து, முப்பத்தொண்டு. சிவப்புப் பெட்டி, திரு. சண்முகம், ஐம்பத்து மூண்டு."

கைதட்டல் தொடங்குவதற்குள் கவுண்டருக்குப் பின்னாலிருந்து சமையல்காரர் ரஹீம் பாயின் குரல் வந்தது. பங்களாதேஷ்காரர். ஒன்பது வருடத்தில் தமிழைத் தன் வசதிக்கு வளைத்து வைத்திருந்தார்.

"கரெக்ட் சாப். டெய்லி இதுதான். வெஜ் தர்ட்டி ஒன், நான்வெஜ் பிஃப்டி த்ரீ. இதுக்கு எதுக்கு இவ்ளோ டேபிள், சேர்?"

எல்லாரும் பெட்டிகளைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு ஒருவர், "அடப்பாவி, நான் பிரியாணி டோக்கன்னு போட்டுட்டேன்டா!" என்றார். சிரிப்பு எழுந்து அடங்க வெகுநேரமானது. முத்திரை குத்திய சீட்டு, வெள்ளிக்கிழமை, பச்சைப் பெட்டி, சிவப்புப் பெட்டி. கை பழக்கத்துக்குப் போய்விட்டது. அண்ணாச்சி மேல் கொதித்த சைவர்களின் வாக்குகள் அவருக்கே விழுந்திருந்தன. அவருக்காக வீடு வீடாக, இல்லை, ரூம் ரூமாக அலைந்த அம்பாசமுத்திரத்துக்காரர்கள் சிவப்பில் போட்டு அவரைத் தோற்கடித்திருந்தார்கள்.

"அப்பிடியெண்டாலும் கணக்கு உதைக்குதே," என்று ஐயா நெற்றியைத் தடவினார். "வேட்பாளர் ரெண்டு பேருமெண்டாலும் யோசிச்சுப் போட்டிருப்பினமே?"

"நான் சைவமுங்க. ஆனா எனக்கு நானே சிவப்புலதான் போட்டனுங்க," என்றார் சண்முகம்.

"நான் பச்சையில போட்டேன்," என்றார் இசக்கிமுத்து.

ஆக, சரியாகப் போட்ட இரண்டு வாக்குகளும் ஒன்றை ஒன்று ஈடுகட்டி, முப்பத்தொன்றும் ஐம்பத்து மூன்றும் அப்படியே நின்றுவிட்டன. தேர்தல் செல்லாது, அடுத்த வெள்ளி மறுவாக்கு என்று ஐயா அறிவித்தார். அவர் பொதுவில் பல் தெரியச் சிரித்ததை நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

என் சிரிப்பு அன்று மாலை வரைதான் நீடித்தது. தகரப் பெட்டிகளை ரஹீம் பாயிடம் ஒப்படைக்கச் சமையலறைக்குப் போனேன். அவர் திறந்து கிடந்த கதவைச் சாத்தி, அது மறைத்திருந்த சுவர் ஆணிகளைக் காட்டி, "அங்கே மாட்டுங்க சாப்," என்றார். சாத்தியபோதுதான் கதவின் பின்பக்கம் தெரிந்தது. ஆவியில் சுருண்டு, எண்ணெய் ஊறிக் கண்ணாடி போல ஆகிவிட்ட ஒரு தாள் அங்கே ஒட்டியிருந்தது. பாத்திரப் பட்டியல். ரிவிஷன் 0. ஆறாம் எண்: அசைவம். கீழே என் சுருக்கொப்பம்.

"பாய், நீங்க இதைப் பார்த்துத்தான் சமைக்கிறீங்களா?"

"ஹாங் சாப். நீங்கதான் ஒட்டினது. வேற பேப்பர் கிச்சன்ல மாஃபி, இல்லே."

தாளை மறுபடி ஒருமுறை படித்தேன். ஒரு மாதத்துக்கு முன் சைவ உறுப்பினர்களின் எண்ணிக்கை கூடியதால் ஆறாம் பாத்திரத்தைச் சைவத்துக்கு மாற்றிப் பட்டியலைத் திருத்தியவன் நான். போர்டில் இருந்த பழையதை எடுத்துவிட்டுப் புதியதை ஒட்டியவனும் நான். சமையலறைப் பிரதியை மறந்தவனும் நான்தான். சைட்டில் நாற்பது ஃபோர்மேன்களிடம் பழைய பிரதிகளைத் துரத்தித் துரத்தி வாங்கிக்கொண்டிருந்தவன், சாப்பிடும் இடத்தில் ஒன்றைத் தொங்கவிட்டிருந்தேன்.

இன்னொன்றும் புரிந்தது. ரஹீம் பாய் ஆறாம் பாத்திரத்தில் ஒருநாள்கூடச் சாம்பார் வைக்கவில்லை. முன்பும் பின்பும் அதில் மீன்தான். ஆகவே யாருடைய சைவமும் கெடவில்லை. சைவத்துக்கு ஒரு பாத்திரம் குறைவாகவே இருந்திருக்கிறது, அவ்வளவுதான். சாம்பார் பாதிப் பந்தியில் தீர்ந்ததன் ரகசியமும் அதுவே.

அந்தத் தாளை உரித்து மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு ரூமுக்குப் போனேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அதைக் கிழித்துப் போட்டால் யாருக்கும் தெரியாது என்ற எண்ணம் எனக்கு வந்தது. ரஹீம் பாய் பேசமாட்டார். அவரை யாரும் கேட்கவும் இல்லை. அந்த வருடம்தான் எனக்குப் பதவி உயர்வுக்கான பரிந்துரை ஐயாவின் மேசையில் இருந்தது. ஆனால் இசக்கிமுத்து தன் ஓட்டலுக்கு வரைந்து வைத்திருந்த மேசை நாற்காலிப் படத்தை, அளவு சரியா பாருங்கள் என்று போன வாரம்தான் என்னிடம் கொடுத்திருந்தார். அது என் கட்டிலுக்கு மேல் இருந்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அந்தத் தாளை ஐயாவின் மேசையில் வைத்தேன். எழுந்து நின்று படித்தார். மேலே பார்க்காமலே கேட்டார்.

"எத்தினை பிரதி வெளியிலை போனது?"

"ரெண்டு, ஐயா."

"எத்தினை திரும்பி வந்தது?"

"ஒண்ணு."

"அப்ப இசக்கிமுத்து சொன்னது சரி. லிஸ்டின்படிதான் நடந்திருக்கு." பென்சிலை எடுத்தார், திரும்ப வைத்தார். "நீர் ஒரு குறைபாட்டு அறிக்கை எழுதும், வரதன். சைட்டிலை பிழை நடந்தா எழுதுறமே, அதே படிவம். யாருக்கு எதிரா எண்ட கட்டத்திலை உம்மட பேர். வெள்ளிக்கிழமை வாக்குக்கு முதல் நீர்தான் வாசிக்க வேணும்."

திட்டவில்லை. திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

முதலில் இசக்கிமுத்துவிடம் நேரில் போய்ச் சொன்னேன். ஸ்டோரில் வால்வுகளை எண்ணிக்கொண்டிருந்தார். கேட்டு முடித்ததும் கையிலிருந்த வால்வைக் கீழே வைத்தார்.

"அப்ப நான் பொய் சொல்லல," என்றார்.

"இல்லை, அண்ணாச்சி."

"எனக்கே சந்தேகம் வந்துட்டு சார். போர்டப் பாத்ததும், நாமதான் தப்பா நெனச்சுட்டமோன்னு பத்து நாளா மண்டைய ஒடச்சேன். கதவுக்குப் பின்னால இருந்த தாளு ஞாபகத்துக்கே வரல." பிறகு திடீரென்று குரல் உயர்ந்தது. "ஏன் சார், சாம்பாரு பத்தலன்னு என்னைய எம்புட்டு வஞ்சானுவ! அதுவும் உம்ம வேலதானா?"

"அதுவும்தான்."

"நல்லாருப்பீரு!" என்று சிரித்துவிட்டார். பிறகு எண்ணிக்கையை விட்ட இடத்தை மறந்து முதலிலிருந்து எண்ண வேண்டியதாயிற்று.

செய்தி கமிட்டிக்குப் போனது. தீர்மானத்தை ரத்து செய்துவிடலாம், வாக்கெடுப்பே வேண்டாம் என்றார் தலைவர். சண்முகம் இன்னும் ஒரு படி மேலே போனார். "நான் வாபஸ் வாங்கிக்கறனுங்க. குனிஞ்சு பாத்திரத்தைப் பார்த்தேன், நிமிர்ந்து அந்தக் கதவைப் பார்க்காம விட்டுட்டனுங்க."

இசக்கிமுத்து இரண்டையும் ஏற்கவில்லை. "நாலு பேரு மன்னிச்சு விட்டதா இருக்கப்புடாது. சாப்பிட்டவன் எல்லாரும் சொல்லட்டும். நீரு நில்லும்வே. நீரு நிக்காட்டா நான் ஜெயிச்சதுக்கு என்ன மதிப்பு?"

"அப்பா சொன்ன மற்றக் கதவு," என்று ஐயா என் காதருகே சொன்னார்.

நவம்பர் 20, வெள்ளி. இம்முறை மஞ்சளும் நீலமும். பிஸ்கட் டின்களுக்கு நானே பெயிண்ட் அடித்தேன். சாப்பாட்டுக்கு முன்பு, பத்தரை மணிக்கு, டோக்கன் இல்லாத நேரத்தில் நடத்தினோம். மெஸ் சாப்பாட்டைச் சாப்பிடுகிறவர்தானே என்று ரஹீம் பாய்க்கும் வாக்கு கொடுத்தார் ஐயா. ஆக எண்பத்தைந்து.

முதலில் நான் எழுந்து என் குறைபாட்டு அறிக்கையைப் படித்தேன். 'தவறின் விவரம்', 'காரணம்', 'மீண்டும் நிகழாதிருக்க நடவடிக்கை' என்று மூன்று கட்டங்கள். இரண்டாவது கட்டத்தில் 'கவனக்குறைவு' என்று ஒரே சொல். வேறு எழுதினால் ஐயா திருப்பி அனுப்பியிருப்பார். எண்பது முகங்கள் என்னைப் பார்த்தன. பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார். "அப்ப எங்க சைவம் கெடலையா?"

"இல்லை. ஒருநாள்கூட."

ஒரு பெருமூச்சு அறை முழுக்கப் பரவியது. இன்னொருவர், "வரதன் சாருக்கு ஒரு வாரம் சாம்பார் கட்!" என்றார். நிறைவேறியது. ஏழு நாள் ரசம்தான்.

எண்ணிக்கை: மஞ்சள், இசக்கிமுத்து, அறுபத்தாறு. நீலம், சண்முகம், பதினெட்டு. கூட்டினால் எண்பத்து நான்கு. ஒரு சீட்டைக் காணோம். இரண்டு டின்களையும் கவிழ்த்துத் தட்டினேன். ஒவ்வொன்றின் அடியிலிருந்தும் பாதிச் சீட்டு விழுந்தது.

ஐயா இரண்டு பாதிகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தார். "அப்பா சொன்ன கடைக்காரர் இஞ்சையும் வந்திட்டார்." எல்லாரும் ரஹீம் பாயைப் பார்த்தார்கள். அவர் கரண்டியோடு மிகத் தீவிரமாகப் பாத்திரத்துக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். "யார் வந்தாலும் நான்தானே சமைக்கணும்," என்றது மட்டும் கேட்டது.

சண்முகம் பேசினார். "பதினெட்டுப் பேருக்கும் நன்றிங்க. ஆனா அந்தப் பதினெட்டுல என் ஓட்டு இல்லீங்க." இசக்கிமுத்து அவரைக் கட்டிக்கொண்டார்.  

அவர் அந்தப் பதவியில் ஒன்பது நாள் இருந்தார். அந்த ஒன்பது நாளும் சாம்பார் கடைசிப் பந்தி வரை வந்தது. 28ஆம் தேதி மாலை ஐயா அந்த நவம்பர் 5ஆம் தேதித் தீர்மானத்தை எடுத்து மேசையில் வைத்து, 'காலாவதி' முத்திரையைக் கையில் எடுத்து என்னிடம் நீட்டினார். "நீரே குத்தும்." குத்தினேன். அவர் கீழே பென்சிலால் கையெழுத்திட்டார். நகல் ஒன்று இசக்கிமுத்துவோடு விமானம் ஏறியது. அதன் பின் காலியான இடத்துக்குச் சண்முகம் போட்டியில்லாமல் வந்தார். இன்னொரு இடைத்தேர்தலைத் தாங்கும் தெம்பு கேம்ப்பில் யாருக்கும் இல்லை.

என் பதவி உயர்வு அந்த வருடம் வரவில்லை, அடுத்த வருடம் வந்தது. பரிந்துரையில் ஐயா எழுதியிருந்த வரியைப் பின்னர் பார்த்தேன்: 'தன் பிழையைத் தானே பதிவு செய்தவர்.'

நான்கு வருடம் கழித்து லீவில் அம்பாசமுத்திரம் போனேன். ஓட்டலில் மதியம் இடமில்லை, காத்திருந்துதான் உட்கார்ந்தேன். சாமி படங்களுக்குப் பக்கத்தில் சட்டம் போட்டு அந்தத் தீர்மானத்தின் நகல் மாட்டியிருந்தது. யாரும் படிப்பதாகத் தெரியவில்லை. அண்ணாச்சி சமையல்கட்டைச் சுற்றிக் காட்டினார். எல்லாப் பாத்திரத்திலும் எண் பொறித்திருந்தார். ஐந்துக்கு அடுத்தது ஏழு.

"ஆறு எங்கே, அண்ணாச்சி?"

"அது எதுக்கு சார் நமக்கு?" என்று சொல்லி, என்னை மறுபடி இலைக்கு முன்னால் உட்கார வைத்து, கேட்காமலே இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றினார்.

கடைசியாக ஒரு குறிப்பு. ஐயா இப்போது டொராண்டோவில் மகன் வீட்டில் இருக்கிறார். இதை எழுதும் முன் தொலைபேசியில் பேசினேன். அந்தப் பழைய இடைத்தேர்தலைப் பற்றி நான் முப்பது வருடமாகக் கண்ணில் பட்ட புத்தகங்களிலெல்லாம் தேடியிருக்கிறேன். நிறப் பெட்டிகளைப் பற்றிப் படித்திருக்கிறேன். உறுப்பினர்கள் வெளியேற்றப்பட்டதைப் பற்றியும் படித்திருக்கிறேன். ஆனால் ஐயா சொன்ன அந்த ஒருவரை என்னால் அடையாளம் காண முடியவில்லை. தொகுதியின் பெயரையும் அவர் ஒருமுறை ஒன்று, மறுமுறை வேறொன்று என்று சொல்லியிருக்கிறார்.

"ஐயா, அந்த மெம்பர் திரும்ப நின்னு ஜெயிச்சார்னு அன்னிக்குச் சொன்னீங்களே. நிச்சயமா?"

மறுமுனையில் அவர் குரல் தணிந்தது. "நிண்டவர் எண்டு அப்பா சொன்னவர். அது நல்ல ஞாபகம். வெண்டவரோ எண்டு..." இழுத்தார். "அப்பா அதெல்லாம் எழுதி வைச்ச நோட்டுக் கொப்பியும் இடம்பெயர்வுகளிலை துலைஞ்சு போச்சுது."

"எங்கே எழுதியிருக்குன்னு நான் கேட்கலாமா, ஐயா?"

அவர் பலமாகச் சிரித்தார், இருமல் வரும் வரை. "கேக்கலாம், வரதன். நீர் கேக்கத்தான் வேணும். ஆனா அண்டைக்கு இசக்கிமுத்துவின்ர முகத்தைப் பாத்தனீரே? நான் வேறை என்னத்தைச் சொல்ல?"

ஆகவே என் நோட்டில் அந்தப் பக்கம் இப்படி இருக்கிறது: 'வெளியேற்றப்பட்ட உறுப்பினர் இடைத்தேர்தலில் மீண்டும் நின்றார். ஆதாரம்: கனகசபை ஐயா, தம் தந்தை சொல்லக் கேட்டது. வென்றார்: சரிபார்க்கப்படவில்லை.' கடைசி வரியைச் சுற்றி மட்டும் பென்சிலால் ஒரு மேகம் வரைந்து, உள்ளே 'ஹோல்ட்' என்று எழுதி வைத்திருக்கிறேன்.